இரவல் தட்டும் நாலு பேர் கூடிய அறையும்

“எல்லாப் பாட்டும் கைப்பேசியிலேயே இருக்கிறது. பிறகு எதற்கு இந்தத் தட்டும் பெட்டியும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்?” கொல்கத்தாவிலோ மும்பையிலோ தில்லியிலோ, இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் மறைந்து ஈமக்கடன்கள் முடிந்த மறுவாரம் அந்த வீட்டில் எழும் கேள்வி இது. கேட்பவர் கல்நெஞ்சர் அல்லர். வாடகை வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். சுவர் முழுக்க அலமாரி. தூக்கினால் ஒவ்வொரு பெட்டியும் கல்லாய்க் கனக்கிறது. பழைய பொருள் வாங்குபவர் வருகிறார். உறைகள் காகித விலைக்கும், அலமாரி மர விலைக்கும், ஆம்ப்ளிஃபயர் அதன் வயிற்றிலுள்ள செம்புக் கம்பியின் விலைக்கும் போகின்றன. அரக்குத் தட்டுக்கு விலையே இல்லை. இரண்டு மணி நேரத்தில் அறை காலியாகிவிடுகிறது.

அறையிலிருந்து வெளியேறியது ஒரு முதியவரின் பொழுதுபோக்கு என்றே ஊர் நினைக்கிறது. மறுக்கப்பட வேண்டியது அந்த நினைப்புத்தான். இந்தியாவின் பதிவுசெய்யப்பட்ட இசை இன்று ஓரளவேனும் மிஞ்சியிருக்கிறதென்றால், அதில் பெரும்பங்கு தட்டை இரவல் கொடுத்து வாங்கிய, ஒலிக்கருவியைச் சேர்ந்து பழுதுபார்த்த, ஒரே அறையில் கூடிக் கேட்டுச் சண்டையிட்ட சாதாரண மனிதர்களின் நட்புக்கு உரியது. அந்த நட்பு ஒரு பொதுநிறுவனம். பெயர்ப்பலகையும் பதிவு எண்ணும் மானியமும் இல்லாத ஒரே காரணத்தால் அதனை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கியது இந்நாட்டு அறிவுலகம் செய்த பிழை. அந்தப் பிழைக்கான விலை ஒவ்வொரு மாதமும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

வரலாற்றிலிருந்து தொடங்குவது நல்லது. 1902 நவம்பரில் கிராமபோன் அண்டு டைப்ரைட்டர் நிறுவனத்தின் சார்பில் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். கௌஹர் ஜான் பாடினார்; பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகில் பதிந்த அந்த ஒலி கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டாக அச்சாக வேண்டியிருந்தது. பாடியவர் இன்னார் என்று அங்குள்ள தொழிலாளி அறிவதற்காகவே இந்த அறிவிப்பு என்பர். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை வந்தது. பின்னாளில் டம்டம் அதன் இருப்பிடமாயிற்று. சோட்டா நாக்பூர்க் காடுகளின் அரக்கு தட்டாகி நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்தத் தட்டுகளைக் காப்பது யாருடைய கடமை? நூலுக்கு இக்கேள்விக்கு விடை உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மேலும் மூன்று பொது நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. இசைத்தட்டு அச்சட்டத்தில் இல்லை. மூன்றாந்தரத் துப்பறியும் நாவலுக்கும் அரசின் அலமாரியில் உரிமையோடு ஓரிடம் உண்டு. அப்துல் கரீம் கானின் தட்டுக்கு அந்த உரிமை இல்லை. சட்டம் விட்ட அந்த இடைவெளியைக் குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் வங்கிக் காசாளர்களும் தங்கள் சம்பளத்தால் நிரப்பினார்கள். கொல்கத்தாவின் வெல்லிங்டன் சதுக்கத்திலும் ஃபிரீ ஸ்கூல் தெருவிலும், மும்பையின் சோர் பஜாரிலும் குனிந்து நின்று தட்டுகளைப் புரட்டிய அவர்களின் விரல்களில் படிந்த கறுப்புத் தூசிக்கு எந்த அரசும் நன்றி சொன்னதில்லை.

ஒரு சான்று இந்த நிலையைத் தெளிவாக்கும். 1977இல் விண்ணுக்கு ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களிலும் பூமியின் ஒலிகளைத் தாங்கிய தங்கமுலாம் பூசிய தட்டு வைக்கப்பட்டது. இந்தியாவின் சார்பில் அதில் இடம்பெற்றது கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி. அறிஞர் ஒருவர் பரிந்துரைத்த அந்தப் பாட்டின் தட்டைத் தேடி அலைந்த குழுவுக்கு, அது கடைசியில் நியூயார்க்கின் லெக்சிங்டன் சாலையில் இந்தியக் குடும்பமொன்று நடத்திய வீட்டுச்சாமான் கடையில், ஒரு மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து கிடைத்தது. மானுடத்தின் குரலாக விண்மீன்களை நோக்கி அனுப்பத் தகுந்தது என்று உலகம் தேர்ந்த ஒரு பாட்டு, மேசைக்கடியில் கிடந்தது. அதைப் பாதுகாத்து வைத்திருந்தது எந்தத் திட்டமும் அன்று. தூக்கி எறியாமல் வைத்திருந்த ஒரு கடைக்காரரின் பழக்கம்.

1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் உருவானதும் இத்தகைய பழக்கத்தின் நீட்சிதான். கூடிக் கேட்பது, கேட்டதைப் பட்டியலிடுவது, பட்டியலைத் தங்கள் இதழில் அச்சிட்டுப் பகிர்வது என்று சம்பளமில்லாமல் அவர்கள் செய்த வேலை பல்கலைக்கழகத் துறைகள் செய்திருக்க வேண்டியது. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வட இந்திய இசை ஆவணக்காப்பகத்தைப் பார்த்து மகிழ்வோர், அது தனியார் சேகரிப்பாளர்கள் நம்பிக்கையோடு தூக்கிக் கொடுத்த தட்டுகளின்மேலும் நாடாக்களின்மேலும் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கை உத்தரவுக் கடிதத்தால் வருவதன்று. பல ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கிடையே மட்டும் வருவது.

“சரி, தட்டைக் காத்தார்கள்; இனி எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிட்டால் இந்தக் கூட்டம் எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. தட்டு மட்டுமே காக்கப்பட வேண்டியது என்ற தவறான எண்ணத்திலிருந்து இது பிறக்கிறது. தட்டைப் பற்றிய அறிவு தட்டில் இல்லை.

மிக எளிய செய்தியொன்றை எடுத்துக்கொள்ளலாம். ‘78 சுழற்சித் தட்டு’ என்று பொதுவாகச் சொல்லப்படும் பழைய தட்டுகளில் பல, நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. தொடக்ககாலப் பதிவுகளின் வேகம் எழுபதுகளுக்குள் இப்படியும் அப்படியும் ஊசலாடியது. 74 சுற்றில் பதிவானதை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். தானங்கள் இயல்புக்கு மீறிப் பறக்கும். கனத்த குரல் மெலிந்துவிடும். இணையத்தில் குவிந்து கிடக்கும் பழம்பதிவுகளில் இவ்வாறு தவறான வேகத்தில் ஏற்றப்பட்டவை உண்டு. அவற்றைக் கேட்டு, “அந்தக் காலத்தில் இப்படித்தான் கீச்சுக்குரலில் பாடினார்கள்” என்று முடிவுகட்டும் தலைமுறை வளர்கிறது.

சரியான வேகத்தை எப்படிக் கண்டறிவது? எந்திரம் அதைச் சொல்லாது. அறையில் இருக்கும் ஒருவர், அந்தப் பாடகர் ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையைச் சுருதியாகக் கொள்வார் என்று தம் ஆசான் சொல்லக் கேட்டிருப்பார். மற்றொருவர், அதே பாடகரின் வேறொரு தட்டைப் பையிலிருந்து எடுப்பார். மூன்றாமவர், முடிவில் வரும் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த வேகத்தில் பேச்சு மனிதப்பேச்சாக ஒலிக்கிறது என்று பார்க்கச் சொல்வார். இரண்டு தேநீருக்கும் ஒரு கோபத்துக்கும் பிறகு முடிவு எட்டப்படும். வங்காளத்தில் இதற்கு ‘அட்டா’ என்று பெயர். வெளியார் அதை அரட்டை என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆய்வேட்டின் அடிக்குறிப்பாக வந்திருந்தால் முறையியல் என்று பாராட்டப்பட்டிருக்கும் அதே செயல், ஒரு வீட்டின் முன்னறையில் கட்டம்போட்ட லுங்கியோடு நிகழ்ந்ததால் அரட்டையாயிற்று.

பக்கவாத்தியத்துக்கும் இதே கதிதான். பழைய தட்டுகளில் பெரும்பாலானவற்றின் வட்டச்சீட்டில் பாடியவர் பெயரும் ராகமும் இருக்கும். சாரங்கி வாசித்தவர் பெயர் இராது. வில்லை இழுக்கும் முறையைக் கேட்டே “இவர் இன்னார்” என்று சொல்லக்கூடிய காது ஒன்று அந்த அறையில் இருந்தது. நிறுவனம் மறைத்த பெயரை நண்பர்கள் தங்களுக்குள் காத்துக் கைமாற்றினார்கள். அந்தக் காதுக்குரியவர் மறையும்போது, டிஜிட்டல் கோப்பு பத்திரமாகவே இருக்கும். சாரங்கிக்காரர்தான் இரண்டாம் முறை இறப்பார்.

கருவி பற்றிய நட்பும் இதைவிடத் தாழ்ந்ததன்று. 1991க்கு முந்தைய இந்தியாவில் வெளிநாட்டு ஒலிக்கருவி என்பது சுங்க வரிக்கும் உரிமத்துக்கும் அப்பால் நின்ற கனவு. நடுத்தர வீட்டுக்கு எட்டியது எச்.எம்.வி.யின் ஃபியெஸ்டா போன்ற சிறு பிளேயர். அதற்கு மேல் வேண்டுமென்றால் தானே செய்துகொள்ள வேண்டும். மும்பையின் லாமிங்டன் சாலை, கொல்கத்தாவின் சாந்தினிச் சந்தை, தில்லியின் லஜ்பத் ராய்ச் சந்தை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை அக்காலத் தோழர்களின் புண்ணியத்தலங்கள். 2என்3055 டிரான்சிஸ்டர் ஒரு இணை, அதற்கு அலுமினியத் தகடு, காயில் கட்டும் கடையில் சொல்லிவைத்துச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இதழிலிருந்து வெட்டிவைத்த சுற்றுப்படம் ஆகியவற்றைக் கொண்டு ‘அசெம்பிள் செட்’ பிறந்தது. ஒருவருக்கு ஈயம் வைக்கத் தெரியும். ஒருவரிடம் மீட்டர் உண்டு. ஒருவருடைய சித்தப்பா தச்சர். ஒருவரிடம் தட்டு இருந்தது. நான்கில் ஒன்று குறைந்தாலும் பாட்டு இல்லை.

அந்தப் பற்றாக்குறையைப் போற்ற வேண்டியதில்லை. உரிமமும் வரியும் மக்களை இசையிலிருந்து தள்ளிவைத்தது கொடுமையே. ஆனால் அக்கொடுமைக்கு நடுவே அவர்கள் கட்டிய உறவின் இலக்கணத்தை உற்றுநோக்க வேண்டும். அங்கே கருவி யாருடைய தனிப்பெருமையும் அன்று. ‘ஹம்’ என்ற இரைச்சல் போகவில்லையென்றால் நள்ளிரவில் சைக்கிளில் வந்து எர்த் கம்பியை மாற்றிக் கட்டிவிட்டுப் போனவர், மறுநாள் அலுவலகத்தில் மேலதிகாரியாகவோ கடைநிலை ஊழியராகவோ இருந்திருக்கலாம். சாதியும் பதவியும் வாசலில் செருப்போடு கழன்றுவிட்டன என்று சொன்னால் அது பொய். வேறெங்கும் சேர்ந்து உட்கார வாய்ப்பில்லாத சிலரையாவது அந்த அறை சேர்ந்து உட்காரச் செய்தது என்பது உண்மை.

தட்டும் பெட்டியும் வாங்க இயலாதவர்களிடமும் இந்தத் தோழமை இருந்தது என்பதற்கு ஜும்ரி தலையா சாட்சி. அப்போது பீகாரிலும் இப்போது ஜார்க்கண்டின் கோடர்மா மாவட்டத்திலும் உள்ள இந்த அபிரகச் சுரங்க ஊர், இந்தி பேசும் மக்களிடையே ஒரு நகைச்சுவைச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1952இல் பொறுப்பேற்ற அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கியபோது, கேட்பவர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அமீன் சயானியின் ‘கீத்மாலா’ அவர்களைக் கட்டிப்போட்டது. இழந்த காதுகளை மீட்க 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. இவ்விரு நிலையங்களுக்கும் ஜும்ரி தலையாவிலிருந்து நேயர் விருப்ப அஞ்சலட்டைகள் மூட்டைமூட்டையாய்ப் போயின. ஒரு பாட்டைக் கேட்டு அனுப்பிய அட்டையில் ஒரு பெயர் இராது. நண்பர்கள், உறவினர்கள் என்று ஒரு வரிசையே இருக்கும். அவ்வளவு பெயர்களையும் அறிவிப்பாளர் வாசிப்பார்.

படித்தவர்கள் சிரித்தார்கள், இன்றும் சிரிக்கிறார்கள். வேலையற்றவர்களின் வேலை என்றார்கள். தேர்தல் நாளன்றித் தன் பெயரை நாட்டின் தலைநகரம் உச்சரிக்கும் என்று எண்ணிப் பார்க்க வாய்ப்பில்லாத ஒரு சிற்றூர், வாரந்தோறும் தன் தெருக்காரர்களின் பெயர்களை நாடு முழுவதும் ஒலிக்கச் செய்தது. அதுவும் பாட்டுக்கு முன்னால், நண்பன் பெயருக்கு அருகில். அமைச்சகத்தின் இசைக்கொள்கையை மாற்றியதில் இத்தகைய அஞ்சலட்டைகளுக்குப் பங்கு இல்லை என்று எந்த வரலாற்றாசிரியரும் துணிந்து சொல்ல முடியாது. மக்கள் கூடிக் கேட்டார்கள். கூடிக் கேட்டதால் கூடிக் கோரினார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தோழமையின் உள்ளே இருக்கும் நோயைப் பேசாமல் விட்டால் இது வெறும் புகழ்மாலையாகிவிடும். இன்று இந்த நட்பைக் கொல்வது கைப்பேசி மட்டுமன்று. ‘ஆடியோஃபைல்’ என்று தம்மை அழைத்துக்கொள்வோரில் ஒரு சாராரும் அதே கொலையில் கூட்டாளிகள். அவர்கள் அறையில் ஒரேயொரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரியான முக்கோணத்தில் அமைந்த அந்த இருக்கையில் உடையவர் அமர்வார்; வந்தவர் சுவரோரம் நின்று, கருவியின் விலையைக் கேட்டு வியக்க வேண்டும். எந்தப் பாட்டு என்பது இரண்டாம் கேள்வி. ஒலிக்கம்பியின் விலை ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தைத் தாண்டும்போது, அங்கே இசை பின்கட்டுக்குப் போய்விடுகிறது.

இயற்பியல் இவர்கள் பக்கம் நிற்கவில்லை. 50 வாட் ஆம்ப்ளிஃபயரை விற்று 100 வாட் வாங்கினால் ஒலிமட்டம் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு அது சிறு ஏற்றம். ஒலி இருமடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு திறன் வேண்டும். வெற்றுச் சுவரில் பட்டு எதிரொலிக்கும் அறையில் எந்தக் கம்பியும் அற்புதம் செய்யாது. ஒரு புத்தக அலமாரியும், தரையில் ஒரு ஜமக்காளமும், சுவரோரம் சாய்த்துவைத்த பஞ்சு மெத்தையும் அதைவிட அதிகம் செய்யும். இதை அந்தக்கால நண்பர்கள் அறிந்திருந்தார்கள். இரண்டு கருவிகளைத் துணியால் மூடி, ஒலியளவைச் சமமாக்கி, “எது எது என்று சொல்” என்று ஒருவரையொருவர் சோதித்தார்கள். தோற்றவர் சமோசா வாங்கித் தந்தார். விளம்பரத்தின் பொய்யிலிருந்து மனிதனைக் காக்கும் மிக மலிவான கருவி, அருகில் உட்கார்ந்து “எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே” என்று சொல்லத் துணியும் நண்பன். தனியாகக் கேட்பவனுக்கு அந்தக் காவல் இல்லை. சந்தை தனியாகக் கேட்பவனை விரும்புவதற்குக் காரணமும் அதுவே.

இரண்டாவது நோய் பதுக்கல். அரிய தட்டு தன்னிடம் மட்டுமே உள்ளது என்ற பெருமைக்காக அதை யாரும் பிரதியெடுக்க விடாமல் பூட்டிவைப்போர் உண்டு. ஒரே பிரதி என்பது ஈரத்துக்கும் கரையானுக்கும் கைதவறுதலுக்கும் ஒரே அடி தூரத்தில் இருக்கும் பிரதி. அரக்குத்தட்டு கீழே விழுந்தால் ஓடுபோல் நொறுங்கும். அதைப் பூட்டிவைப்பவர் காவலர் அல்லர். அதன் அழிவுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்.

மூன்றாவது நோய் மிகப் பழையது; மூத்த தலைமுறையின் அன்பான அறைகளிலும் இருந்தது. இந்தியத் தட்டுகளின் தொடக்ககாலத்தைத் தாங்கிய குரல்களில் பெரும்பான்மை பெண்களுடையவை. ‘மரியாதைப்பட்ட’ வீட்டுப் பெண்கள் ஒலிக்குழலின் முன் நிற்கத் தடையிருந்த காலத்தில், ஊர் தூற்றிய தவாயிஃப் பெண்களே அந்தக் குழலின் முன் நின்று பாடினார்கள். அவர்களின் குரலைக் கேட்டுக் கண்கலங்கிய அறைகளில், வீட்டுப் பெண்ணின் இடம் தேநீர்த் தட்டோடு கதவோரம். கௌஹர் ஜானுக்குக் கைதட்டியவர்கள், அடுக்களையிலிருந்து அதே மெட்டை முணுமுணுத்தவரை “நீயும் வந்து உட்கார்” என்று அழைத்தது அரிது. அவருடைய காதும் அதே ஐம்பது ஆண்டுகள் கேட்டிருக்கிறது. சேகரிப்பாளர் மறைந்தபின் தட்டுகள் எடைக்குப் போவதைக் கண்டு பதறும் நண்பர்கள், அவற்றின் மதிப்பை அந்த வீட்டாருக்குத் தாங்கள் ஒருநாளும் சொல்லாமல் விட்டதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே அழைக்கப்படாதவரிடம் காவலை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

எதிர்வாதத்தில் உண்மையும் உண்டு. இணைய ஒலிப்பரப்பு இசையின் கதவைத் திறந்துவிட்டது. தட்டு வாங்க வழியில்லாத சிற்றூர் மாணவி இன்று மல்லிகார்ஜுன் மன்சூரைக் கேட்கிறாள். அதை மறுப்பவர் மேட்டிமைக்காரர். ஆனால் அவள் கையில் இருப்பது வாடகைச் சாவி. உரிம ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு ஓசையின்றி மறையும். யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. மேலும், அவள் கேட்டதைப் பற்றிப் பேச அவளுக்கு ஒருவர் வேண்டும். பரிந்துரைப் பட்டியல் அவள் முன்பே விரும்பியதை ஒத்த இன்னொன்றைத் தரும். நண்பன் அவளுக்குப் பிடிக்காததைக் கொண்டுவந்து, “பத்து நிமிடம் பொறு” என்பான். ரசனை வளர்வது அந்தப் பத்து நிமிடத்தில்.

பதிப்புரிமையைக் காட்டி அச்சுறுத்துவோரும் சட்டத்தைப் படிக்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், இலாப நோக்கமற்ற மன்றம் தன் செயல்பாட்டின் ஒரு பகுதியாக ஒலிப்பதிவைக் கூடிக் கேட்பதை உரிமைமீறல் அன்று என்று விலக்கிவைத்திருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமைக்காலம், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அரக்குத்தட்டுக் காலத்து ஒலிப்பதிவுகளில் மிகப்பெரும் பகுதி அந்தக் கணக்கைக் கடந்துவிட்டது. கூடிக் கேட்போரை மதிக்க அறிவுலகம் மறந்தாலும், சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சேகரிப்பாளர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே தங்கள் தட்டுகளுக்கு ஒரு நோட்டுப்புத்தகத்திலாவது பட்டியல் எழுத வேண்டும்; பிரதியெடுக்க விட வேண்டும்; தமக்குப்பின் யாரை அழைப்பது என்று வீட்டாரிடம் சொல்லி, அந்தத் தொலைபேசி எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும். பழைய பொருள் வாங்குபவரை அழைக்கும் முன் அந்த எண்ணை அழைப்பது வீட்டாரின் கடமை. இசைத்துறைகள் பாட்டைப் பதிவுசெய்வதோடு நில்லாமல், பாட்டைக் கேட்கும் அறையில் நிகழும் சச்சரவையும் பதிவுசெய்ய வேண்டும். வேகத்தைப் பற்றியும் சாரங்கிக்காரரைப் பற்றியும் அந்த வாய்கள் சொல்வது வேறெங்கும் எழுதப்படவில்லை. 1954ஆம் ஆண்டின் சட்டத்தை ஒலிப்பதிவுக்கும் விரிக்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும். ஒலிப்பரப்பு நிறுவனங்கள், பக்கவாத்தியம் வாசித்தவரின் பெயரை எழுத இரண்டு வரி இடம் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், ஒற்றை நாற்காலியை எடுத்துவிட்டு அறையில் ஜமக்காளத்தை விரிக்க வேண்டும். கதவோரம் நிற்பவர் உள்ளே வந்து, அடுத்த தட்டு எது என்று முடிவுசெய்ய வேண்டும்.

அரக்குத்தட்டின் ஒரு பக்கம் ஓடும் நேரம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். அது முடிந்ததும் யாரேனும் ஒருவர் எழுந்து, தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, சாவி கொடுக்க வேண்டும். கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எழுந்தார். “நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற அந்தச் சொல்லால்தான் இந்நாட்டின் நூறாண்டு இசை இதுவரை வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது தட்டு ஒரு பக்கம் முடிந்து வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கிறது. எழ வேண்டியவர்கள் எழட்டும்.